அரசு மருத்துவமனை எச்.ஆர். இன்டர்வியூவுக்கு ஒரு ஆன்லைன் பயிற்சி: நான்கு வாரம் படித்த பிறகு என் கருத்து

"ஒரே ஒரு ஐசியு படுக்கை. அதன் பக்கத்தில் ராத்திரி பகல் எந்நேரமும் ஒரு செவிலியர் இருந்தாக வேண்டும். எத்தனை பேரை வேலைக்கு எடுப்பீர்கள்?"

மாதிரி இன்டர்வியூவில் என்னிடம் வந்த முதல் கேள்வி இது. மூன்று ஷிஃப்ட், ஆகவே மூன்று பேர் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். கேட்டவர் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். "அந்த மூன்று பேருக்கும் வார விடுமுறையே கிடையாதா?" என்றார், அவ்வளவுதான். அப்புறம் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட வைத்தார். வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு 24 மணி நேரம், மொத்தம் 168. ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்த்தால் 4.2 பேர் தேவை, அதுவும் யாருமே லீவ் எடுக்கவில்லை என்றால். ஆண்டு விடுப்பு, பொது விடுமுறை, உடம்பு சரியில்லாத நாட்கள், பயிற்சி வகுப்பு எல்லாம் சேர்த்து ஒருவர் வருடத்தில் 7 வாரம் வர மாட்டார் என்று வைத்துக்கொண்டால் 52 வாரத்தில் 45தான் கையில் மிஞ்சும், ஆக 4.2 என்பது 4.85 ஆகிவிடும். ஐந்து பேர். வாரம் 48 மணி நேர வேலை என்றாலும் நாலு பேருக்குக் குறையாது. நான் சொன்னபடி மூன்றே பேரை எடுத்தால் ஒவ்வொருவரும் லீவே இல்லாமல் வாரம் 56 மணி நேரம் நிற்க வேண்டும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இருவரும் டபுள் டூட்டி. என் அவசரப் பதில் ஒரு வார்டில் என்ன செய்யும் என்பது அந்தத் தாளில்தான் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

இந்தப் பயிற்சிக்குக் கட்டிய பணம் அந்த ஒரு மணி நேரத்துக்கே சரியாகப் போயிற்று என்பேன். மற்றபடி இதில் குறைகளும் நிறைய இருக்கின்றன, அவற்றையும் சொல்லத்தான் போகிறேன், அதனால் நடத்துபவர்களின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி பயிற்சிகள் பல இருக்கின்றன, எதில் சேர்ந்தாலும் நான் சொல்வது உதவும்.

நான் ஆறு வருடம் தனியார் கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்த்தவள். அரசு மருத்துவமனைக்கு விண்ணப்பித்தபோது எச்.ஆர். எங்கே போனாலும் எச்.ஆர்.தானே என்ற நினைப்பில் எதையும் தனியாகப் படிக்காமல் முதல் இன்டர்வியூவுக்குப் போனேன். வேலையை விட்டுப் போகிறவர்களை எப்படித் தக்கவைப்பீர்கள் என்று கேட்டார்கள். மாதம் ஒரு குழு நிகழ்ச்சி, சிறந்த ஊழியர் விருது, நன்றாகச் செய்பவர்களுக்கு போனஸ் என்று பழைய அனுபவத்தை அடுக்கினேன். குழுவின் நடுவில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நைட் டூட்டி முடித்துக் காலையில் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர் எந்த நிகழ்ச்சிக்கு வருவார்? போனஸ் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு யார் தந்தது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. சம்பளம் ஊதிய விகிதப்படி, பணியிடங்கள் மேலே ஒப்புதல் ஆன எண்ணிக்கைப்படி, ஆள் எடுப்பது விதிப்படி. இத்தனையும் கட்டிப்போட்டிருக்கும் இடத்தில் எச்.ஆர். கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்பதுதான் அவர்கள் உண்மையில் கேட்ட கேள்வி. மிச்சம் நிறையவே இருக்கிறது. டூட்டி பட்டியல் நியாயமாக இருக்கிறதா, காலி இடம் எத்தனை மாதம் காலியாகவே கிடக்கிறது, லீவ் விண்ணப்பம் எத்தனை நாளில் முடிவாகிறது, புகார் கொடுத்தவர் பழிவாங்கப்படாமல் இருக்கிறாரா என்று எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்த வேலை கிடைக்கவில்லை, அதற்குப் பிறகுதான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன்.

நான்கு வாரம், பதிவு செய்த வீடியோ பாடங்கள், கேள்வி பதில் தொகுப்பு ஒன்று, இரண்டு மாதிரி இன்டர்வியூ, ஒவ்வொன்றுக்கும் பிறகு எழுத்தில் கருத்து. வீடியோக்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒலி தெளிவு, வேகம் சரி, எப்படி உட்கார வேண்டும் எப்படிச் சிரிக்க வேண்டும் என்ற மூன்று பாடங்களைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம்.

வீடியோக்களில் உருப்படியான ஒன்று, இன்டர்வியூ குழு எப்படி மார்க் போடுகிறது என்ற பாடம். அரசுத் துறையில் பல இடங்களில் கட்டமைக்கப்பட்ட நேர்காணல்தான், அதாவது எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒவ்வொரு கேள்விக்கும் தனி மார்க் தாள். இதற்குக் காரணம் இருக்கிறது. ஷ்மிட், ஹண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் திரட்டி 1998ல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதோடு கட்டமைக்கப்பட்ட நேர்காணல் மார்க்குக்கு இருக்கும் தொடர்பு 0.51 (1 என்றால் முழுத் தொடர்பு, 0 என்றால் தொடர்பே இல்லை), இஷ்டத்துக்குப் பேசும் நேர்காணலுக்கு 0.38. பிற்காலத்து ஆய்வுகள் இந்த எண்களைக் குறைத்தாலும் கட்டமைக்கப்பட்டதே மேல் என்பதை மாற்றவில்லை. விண்ணப்பிக்கிறவருக்கு இதன் அர்த்தம் என்னவென்றால், உங்கள் வாயிலிருந்து வந்ததற்கு மட்டும்தான் மார்க். நான்காவது கேள்விக்கு அருமையாகப் பதில் சொன்னால் இரண்டாவது கேள்வியின் பூஜ்யம் நிரம்பாது. குழுவில் ஒருவர் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தால் பயப்படவும் வேண்டாம், அவர் மார்க் தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். முதல் இன்டர்வியூவில் அப்படி ஒருவரைப் பார்த்தே நான் பாதி தளர்ந்துபோனேன். யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டார் முறையையும் நன்றாகவே பழக்குகிறார்கள். சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்று நாலு படி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் என் பதிவைப் போட்டுக் காட்டி ஒரு விஷயத்தைப் பிடித்தார்கள்: மூன்று நிமிடப் பதிலில் பதினொரு முறை "நாங்கள்", "நான்" ஒரே ஒரு முறை. தமிழில் "நான் செய்தேன்" என்று சொல்லவே நமக்கு வாய் கூசுகிறது, பெருமை பேசுவது போல இருக்கும் என்று பன்மைக்குள் ஒளிந்துகொள்கிறோம். மார்க் போடுகிறவருக்கோ நீங்கள் செய்தது எது, உங்கள் மேலாளர் செய்தது எது என்று பிரித்து எழுத வேண்டும். அதே கதையை "நான் பட்டியலைப் பார்த்தேன், நான் வார்டு பொறுப்பாளரிடம் பேசினேன், அவர் மாற்றினார்" என்று திருத்திச் சொன்னபோது நேரமும் பாதியானது, கதையும் தெளிந்தது.

சரி, இப்போது அந்தக் கேள்வி பதில் தொகுப்பு. விளம்பரத்தில் முதலில் நிற்பது இதுதான், நான் நம்ப வேண்டாம் என்று சொல்வதும் இதைத்தான். பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு கம்பெனி எச்.ஆர். பதில்களை எடுத்து "வாடிக்கையாளர்" என்ற இடத்தில் "நோயாளி" என்று மாற்றிப் போட்டது போல இருக்கின்றன. மூன்று இடங்களில் எனக்குக் கோபமே வந்தது.

முதலாவது, சோர்ந்துபோகும் ஊழியர்கள் பற்றிய கேள்வி. யோகா வகுப்பு, மனநல ஆலோசனை, பாராட்டு அட்டை என்று தொகுப்பில் பதில் இருக்கிறது. இவை தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் பர்ன் அவுட்டை, அதாவது வேலையால் வரும் இந்தச் சோர்வை, ஒரு நோயாகச் சொல்லவில்லை, வேலையிடத்தில் நீண்ட நாள் நீடிக்கும், சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்று சொல்கிறது. வேலையிடத்தில் தொடங்குவதற்கு ஊழியரின் மூச்சுப் பயிற்சியில் மட்டும் பதில் தேடினால் எப்படி? லிண்டா ஐகனும் சக ஆய்வாளர்களும் 2002ல் வெளியிட்ட பிரபலமான ஆய்வு ஒன்று உண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றியது. ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளி ஒருவர் கூடினால், மருத்துவமனையில் சேர்ந்து 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியருக்குப் பர்ன் அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுகின்றன. மாதிரி இன்டர்வியூவில் நான் தொகுப்பில் இருந்த பதிலைச் சொன்னபோது அந்த மேடம், "யோகா அப்புறம் இருக்கட்டும்மா. டபுள் டூட்டியை எப்படி நிறுத்துவாய், அதைச் சொல்" என்றார். ஐந்து பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேர் நிற்கும் அந்தக் கணக்கு இங்கேதான் திரும்பி வருகிறது.

இரண்டாவது, ஒழுங்கு நடவடிக்கை. ஒரு செவிலியர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார், நோயாளிக்குப் பெரிய பாதிப்பில்லை, அவரே வந்து சொல்லிவிட்டார், என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. கண்டிப்பாகக் கேட்பார்கள், எனக்கு உண்மையான இன்டர்வியூவிலும் ஏறக்குறைய இதே வடிவில் வந்தது. உடனடி மெமோ, விசாரணை, தவறைத் துளியும் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்ற செய்தியை எல்லோருக்கும் அனுப்புவது என்று தொகுப்பு சொல்கிறது. அப்படி ஒருமுறை செய்தால் அடுத்த தவறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், அது நோயாளிகளுக்குத்தான் ஆபத்து. டேவிட் மார்க்ஸ் 2001ல் எழுதிய நியாயமான பணிச்சூழல் அணுகுமுறை பல மருத்துவமனைகளில் பின்பற்றப்படுகிறது. மனிதர் யாருக்கும் வரக்கூடிய தவறு என்றால் ஆறுதல் சொல்லி அமைப்பைத் திருத்துவது, ஆபத்து புரியாமல் குறுக்கு வழியில் போயிருந்தால் எடுத்துச் சொல்லிப் பழக்குவது, தெரிந்தே அலட்சியமாக நடந்திருந்தால் மட்டும் நடவடிக்கை. இரண்டு மருந்துக் குப்பிகளும் பார்க்க ஒரே மாதிரி இருந்தனவா, பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்களா, அவர் அன்றைக்கு எத்தனையாவது மணி நேரத்தில் இருந்தார் என்பதைக் கேட்காமல் எச்.ஆர். பேனாவையே எடுக்கக் கூடாது. நடவடிக்கை என்று வந்தாலும் குற்றச்சாட்டு எழுத்தில் போக வேண்டும், பதில் சொல்ல நேரம் தர வேண்டும், புகார் கொடுத்தவரே விசாரிக்கக் கூடாது. தனியார் இடத்தில் பழகிய எங்களைப் போன்றவர்கள் இந்தப் படிகளைத் தாமதம் என்று நினைப்போம். ஒரு படி விட்டுப்போனாலும் முழு நடவடிக்கையும் மேல்முறையீட்டில் ரத்தாகலாம் என்பது இங்கே வந்தபின்தான் புரிகிறது.

மூன்றாவது, தொகுப்பில் இல்லாதவை. ஒப்பந்த ஊழியர்களைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. எனக்கு வந்த கேள்வி இது: துப்புரவுப் பணியாளர் ஒருவருக்குக் குப்பைப் பையில் கிடந்த ஊசி குத்திவிட்டது, அவர் ஒப்பந்ததாரரின் ஆள், விடியற்காலை நேரம், உங்களுக்குப் போன் வருகிறது. யாருடைய ஆள் என்று ஆராயும் நேரமில்லை அது. குத்திய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை சீக்கிரமும் எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஒப்பந்த ஊழியர் பெயரே இல்லை என்றால் அது எச்.ஆரின் தவறு. இதை நான் மேடமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதால் தப்பித்தேன். அதேபோல, உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி உலகச் சுகாதாரப் பணியாளர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்கள், தலைமைப் பதவிகளிலோ 25 சதவீதம்தான். இப்படிப்பட்ட ஒரு துறைக்கான தொகுப்பில் மகப்பேறு விடுப்பில் போனவரின் இடத்தை எப்படி நிரப்புவது, கைக்குழந்தையோடு இருப்பவருக்கு நைட் டூட்டி போடுவதா, இரவில் வார்டில் தொந்தரவு நடந்தால் யாரிடம் புகார் என்று எதுவுமே இல்லை. இவை தினசரி வேலை, அபூர்வமான கேள்விகள் அல்ல.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆவணச் சரிபார்ப்புப் பாடம் நன்றாக இருந்தது. மருத்துவர், செவிலியர் பதிவுச் சான்றிதழின் நகலை மட்டும் நம்பாமல் பதிவு செய்த கவுன்சிலிடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்வது, காலாவதித் தேதியைத் தனியாகக் குறித்து வைப்பது, பெயர் எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால் என்ன செய்வது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள்.

விஸ்ன் பற்றிய பயிற்சித் தாளும் உண்டு. இது எத்தனை ஊழியர் தேவை என்பதை வேலைப்பளுவை வைத்துக் கணக்கிட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறை. படுக்கை எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, வருடத்தில் எத்தனை முறை நடக்கிறது, ஒருவரிடம் உண்மையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். தேவை 8 பேர், இருப்பது 6 பேர் என்றால் விகிதம் 0.75. ஒன்றுக்குக் கீழே போனால் ஆள் பற்றாக்குறை. "ஆள் போதவில்லை" என்று சொல்லும் விண்ணப்பதாரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், எவ்வளவு போதவில்லை என்று எண்ணில் சொல்லத் தெரிந்தவர் குறைவு. உண்மையான இன்டர்வியூவில் நான் இந்த ஒரு உதாரணத்தைச் சொன்னதும் குழுவில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து அடுத்தடுத்து இரண்டு கேள்வி கேட்டார். ஆனால் பயிற்சித் தாளில் எல்லா எண்ணும் ஏற்கெனவே நிரப்பப்பட்டே வருகிறது, அதனால் படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், கை வராது. எண்களை அழித்துவிட்டு வேறு எண்கள் போட்டு மூன்று நாலு முறை செய்து பாருங்கள்.

கடைசியில் குழுவிடம் நீங்கள் கேட்கும் கேள்வி பற்றியும் ஒரு பாடம். பதவி உயர்வு வாய்ப்பு எப்படி என்று கேட்கச் சொல்கிறார்கள். நான் அதை விட்டுவிட்டு, "இங்கே டூட்டி பட்டியலை யார் எழுதுகிறார்கள், எத்தனை நாள் முன்னால் ஊழியர் கைக்குப் போகிறது?" என்று கேட்டேன். உள்ளே என்ன நிலவரம் என்பது அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிட்டது, இரண்டு நாள் முன்னால்தான் போகிறதாம், அதை மாற்றத்தான் ஆள் தேடுகிறோம் என்றார் ஒருவர். அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன், பட்டியல் இன்னும் இரண்டு வாரம் முன்னால் போகவில்லை, எட்டு நாள் வரை வந்திருக்கிறது.

மாதிரி இன்டர்வியூ தேதிகளில் ஒரு சிக்கல் உண்டு. என் இரண்டாவது மாதிரியை உண்மையான இன்டர்வியூவுக்கு மூன்று நாள் முன்புதான் கொடுத்தார்கள், எழுத்துக் கருத்து வந்தது முந்தைய நாள் இரவு. அதில் சொன்னதைத் திருத்திப் பழக நேரமே இல்லை, படித்துவிட்டுத் தூங்காமல் கிடந்ததுதான் மிச்சம். சேரும்போதே உங்கள் தேதியைச் சொல்லிப் பத்து நாள் இடைவெளி கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்த பிறகு ஒரு தோழிக்காக விசாரித்தேன். பயிற்சியில் சேரும் எல்லா அணிக்கும் (பேட்ச்) செவிலியர் பின்னணி உள்ளவர் மாதிரி இன்டர்வியூ குழுவில் இருப்பாரா என்று கேட்டதற்கு, உறுதி சொல்ல முடியாது, சில அணிகளுக்குக் கம்பெனி எச்.ஆர். மேலாளர்கள் மட்டும் வருவார்கள் என்றார்கள். மேடம் வரும் அணி எது என்று கேளுங்கள், அது தொடங்கும் வரை காத்திருங்கள். அவர் வராத அணி என்றால் பணம் கட்ட வேண்டாம் என்று தோழியிடம் சொல்லிவிட்டேன், அவள் அடுத்த மாத அணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.